கடல்விசிறியும் பென்சீனும்

என்னோடு ஆய்வு செய்த தோழியின் கையில் இருந்த நீலத் திட்டை முதலில் கவனித்தவள் நான். அன்று அவள் ஆய்வறைத் தரையில் உட்கார்ந்து ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் செய்து கொடுக்கும் கம்பெனியிலிருந்து சாக்கில் சுற்றி வாங்கிவரும் பாளம் அது. அதை நொறுக்கி, எங்கள் ஊரில் அள்ளக் குறையாத உப்பைக் கலந்தால் நல்ல குளிர் கிடைக்கும். அந்தக் குளிருக்குள் குடுவையை இறக்கி வைத்தால்தான் சில வினைகள் கட்டுக்குள் நடக்கும். அவள் சுத்தியலை ஓங்கியபோது முந்தானை விலகி, முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது தெரிந்தது.

“ஏளா, எங்க போயி இடிச்ச?” என்றேன்.

“எங்கயும் இடிக்கல. காலைல எந்திரிச்சுப் பாத்தா இருந்துச்சு. தொடையிலயும் ஒண்ணு கெடக்கு.”

“வலிக்குதா?”

“இல்லலா. நீ குடுவையப் பிடி, ஐஸ் உருகிரும்.”

குடுவையைப் பிடித்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு நாங்கள் இருவரும் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் ஆய்வு மாணவிகளாகச் சேர்ந்திருந்தோம். அவள் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் நெல் விளையும் ஒரு கிராமத்துப் பெண். வாரம் முழுக்க விடுதியில் தங்கி, சனிக்கிழமை மதியம் பேருந்து பிடித்து ஊருக்குப் போவாள். நான் கடற்கரைத் தெருவில் பிறந்தவள். என் அப்பா கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர், சங்கு குளிப்பது என்போம். முத்துக்குளிப்பு நான் சிறுமியாக இருந்தபோதே நின்றுபோய்விட்டது. அதன்பிறகு அவருக்குச் சங்குதான்.

எங்களுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியரை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம். சில ஆண்டுகள் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துவிட்டு ஊர் திரும்பியவர். காட்டு மூலிகைகளை எல்லோரும் அலசிவிட்டார்கள், கடலை யாரும் தொடவில்லை என்பார். எங்கள் கடலில் முத்துச்சிப்பி படுகிற பாறைத் திட்டைப் பார் என்பார்கள். அந்தப் பாரில் விசிறிபோல் விரிந்து வளரும் ஓர் உயிர் உண்டு. செடி மாதிரி இருக்கும், ஆனால் செடி இல்லை. நாங்கள் கடல்விசிறி என்போம். சார் கேட்டதற்காக என் அப்பா சங்குக்குப் போகும்போதெல்லாம் அதையும் சாக்கில் கொண்டுவந்து கல்லூரி வாசலில் இறக்கினார். காயவைத்து, நறுக்கி, எரிசாராயத்தில் ஊறப்போட்டு, வடித்து, வற்றவைத்தால் தார் மாதிரி ஒரு சாறு மிஞ்சும். அதை வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினோம். எலியின் பாதத்தில் செயற்கையாக வீக்கம் உண்டாக்கி, இந்தச் சாற்றைக் கொடுத்தபோது வீக்கம் நன்றாகக் குறைந்தது என்று பதில் வந்தது. மூட்டு வீக்கத்துக்கு மருந்தாகலாம். சார் அன்று பிள்ளைகள் எல்லோருக்கும் காபி வாங்கிக்கொடுத்தார்.

சாற்றிலிருந்து ஒரு வெள்ளைப் படிகத்தைப் பிரித்து எடுத்தோம். அதன் மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்பதையும் சார் கணித்துவிட்டார். சிக்கல் அளவில்தான் இருந்தது. ஒரு சாக்குக் கடல்விசிறிக்கு விரல்நகத்தை மூடும் அளவுக்குத்தான் படிகம் கிடைத்தது. எலிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கக்கூட அது போதாது. ஒரு நோயாளிக்கு ஒரு மாதம் மருந்து கொடுக்கப் பார் முழுவதையும் மொட்டையடிக்க வேண்டியிருக்கும். ஆகவே அதே மூலக்கூறை ஆய்வறையில் நாமே கட்டி எழுப்ப வேண்டும் என்றார் சார். எங்கள் இருவருக்கும் அதுதான் வேலை.

கையில் கிடைக்கும் ஒரு பொருளில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு பிணைப்பை வெட்டியோ ஒட்டியோ, வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுபோவதுதான் இந்தத் தொகுப்பு வேலை. நாங்கள் தொடங்கியது சாண்டோனினில். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப் பூச்சிக்குக் கொடுத்த பழைய மருந்து அது. அதன் மூலக்கூறில் ஆறு அணு வளையங்கள் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒளி பட்டால் அவை குலைந்து, ஐந்தும் ஏழுமான வளையங்களாக மாறும். கடல்விசிறியின் பொருளிலும் ஐந்தும் ஏழும்தான். ஒளி கொடுக்கும் விளக்கு எங்களிடம் இல்லை. அவள்தான் கேட்டாள், “மொட்டை மாடியில வெயிலு சும்மாதானே சார் அடிக்குது?” என்று. குடுவைகளை மாடியில் வரிசையாக வைத்தோம். நாட்கள் அதிகம் பிடித்தன, வினை நடந்தது. அதற்குப் பிறகு இன்னும் பத்துக்கு மேல் படிகள் இருந்தன.

ஒவ்வொரு படியிலும் வேண்டியதும் வேண்டாததும் கலந்தே வரும். அவற்றைப் பிரிக்க உயரமான கண்ணாடிக் குழாயில் வெள்ளைத் தூளை நிரப்பி, மேலே கலவையை ஊற்றி, அதன்மேல் பென்சீனை ஊற்றிக்கொண்டே இருப்போம். பென்சீன் இறங்க இறங்கப் பொருட்கள் பட்டை பட்டையாகப் பிரிந்து இறங்கும். காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரை ஊற்ற வேண்டும். லிட்டர் லிட்டராகப் போகும். போனதைக் காய்ச்சி வடித்து மறுபடி ஊற்றுவோம். குடுவை கழுவ பென்சீன். மேசை துடைக்க பென்சீன். கையில் பிசுக்கு ஒட்டினால் அதையே உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துவிட்டுச் சாப்பிடப் போவோம். இனிப்பான வாசனை. எனக்கு அது பிடிக்கவும் செய்தது. எங்களுக்கு முன்னால் படித்தவர்களும் அப்படித்தான் புழங்கினார்கள். எதிர்வீட்டுப் பெண்கள் மண்ணெண்ணெய் புழங்கியதைப் போலத்தான் நாங்கள் அதைப் புழங்கினோம்.

ஆய்வறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று இருந்தது. உப்புக் காற்றில் துருப்பிடித்து எப்போதோ நின்றுவிட்டது. மாற்றித் தரும்படி சார் எழுதிக் கொடுத்தார், வரவில்லை. ஆனியிலிருந்து ஆவணி வரை எங்கள் ஊரில் காற்று பேயாக அடிக்கும். புதுத் துறைமுகத்துக்கு அப்போது லாரி லாரியாகக் கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசியும் தேரிக்காட்டுச் செம்மணலும் உப்பும் சேர்ந்து உள்ளே கொட்டும். ஒரு சிட்டிகைப் பொருளுக்கு மாதக்கணக்கில் உழைப்பவர்கள் தூசியை விடுவார்களா? அந்த மாதங்களில் சன்னல்களை இறுக்கி மூடி, இடுக்குகளில் காகிதம் ஒட்டிவிட்டு வேலை செய்தோம். அவள் என்னைவிட அதிக நேரம் உள்ளே இருந்தாள். விடுதியில் இருப்பவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. கைத்திறனும் அவளுக்குத்தான் அதிகம். கடினமான படிகள் எல்லாம் அவளிடமே போயின.

நீலத் திட்டுக்குப் பிறகு அவள் மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்குகிறது என்றாள். பல் துலக்கினால் ரத்தம் வருகிறது என்றாள். பிறகு ஒருநாள், ஆய்வறையில் யாரும் இல்லாதபோது, என் காதருகே வந்து சொன்னாள்.

“ஏளா, எனக்கு இந்த மாசம் நிக்கவே இல்ல. பாவாடை பாவாடையா நனையுது.”

“எத்தனை நாளா?”

“நாளா? போன மாசக் கடைசியில வந்தது, இன்னும் நிக்கல.”

முகத்தைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற முகம் என்பதால் அதுவரை தெரியவில்லை. உதடு காகிதம் மாதிரி வெளுத்துக்கிடந்தது. அன்றே ஊரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இரும்புச் சத்து டானிக்கும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அவளுக்குத் திருநெல்வேலியில் பாங்கில் வேலை பார்க்கும் ஒருவரைப் பேசி முடித்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். அதற்குள் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று டானிக்கை முகம் சுளிக்காமல் குடித்தாள். இரண்டு பாட்டில் முடிவதற்குள் காய்ச்சல் வந்தது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, இங்கே முடியாது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுடைய இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்தார்கள். அவள் கத்திய சத்தம் வராந்தாவரை கேட்டது. முடிவு வந்த அன்று டாக்டர் அவளுடைய அப்பாவையும் சாரையும் என்னையும் உட்காரவைத்துப் பேசினார். ரத்தம் உற்பத்தியாகும் இடம் காய்ந்துவிட்டது என்றார். சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறையவைக்கும் அணு, மூன்றுமே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீயும் அந்தப் பொண்ணும் ஒண்ணாத்தான் வேலை பார்க்கிறீங்களா?”

“ஆமா டாக்டர்.”

“என்னென்ன சாமான் புழங்குவீங்க?”

வரிசையாகச் சொன்னேன். ஈதர், அசிட்டோன், குளோரோஃபார்ம், பென்சீன் என்றதும் கையை உயர்த்தினார்.

“பென்சீன் எவ்வளவு?”

“லிட்டர் கணக்குல டாக்டர். தினமும்.”

“மூடின ரூமா?”

“காத்து மாசத்துல சன்னல அடைச்சிருவோம்.”

“கையில படுமா?”

“கை கழுவுறதே அதுலதான்.”

அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். “ஒரு பிரஸ்ல மை கலக்குறவருக்கு இப்படி வந்து பார்த்திருக்கேன். அவரும் பென்சீன்தான்” என்றார். அவர் பிழைத்தாரா என்று நாங்கள் மூவரும் கேட்கவில்லை.

சார் மெதுவாகச் சொன்னார், “நானும் பன்னண்டு வருஷமா அதுலதானே டாக்டர் இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே.”

“சில பேருக்கு ஆகாது” என்றார் டாக்டர். “சில பேருக்கு ஆகும்.”

ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். என் ரத்தமும் அவள் ரத்தமும் ஒரே வகை. ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு போய் நின்றேன். டாக்டர் மறுத்துவிட்டார். “உன் ரத்தத்தை முதல்ல பரிசோதனைக்குக் கொடு. அடுத்தவங்களுக்குக் கொடுக்கறதப் பிறகு பார்க்கலாம்.” சாரையும் அப்படியே திருப்பி அனுப்பினார். வராந்தா பெஞ்சில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என்னுடைய ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் குறைவாகத்தான் இருந்தது, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை என்று பிறகு சொன்னார்கள். அதன்பிறகும் பல வருடங்கள் குளிக்கும்போதெல்லாம் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வேன்.

அவளுடைய அப்பாவும் அண்ணன்களும் ரத்தம் கொடுத்தார்கள். போதவில்லை. செய்தி கேட்டு என் அப்பா, தன்னோடு சங்கு குளிக்கும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு முதல் பேருந்தில் மதுரைக்கு வந்துவிட்டார். மூவரும் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர் வார்டு வாசலுக்கு வந்தபோது அவளுடைய அம்மா அங்கே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“கடல்ல கெடக்குற எதையெல்லாமோ அள்ளிட்டு வந்து பச்சப்பிள்ள கையில குடுத்தா, அது சும்மா விடுமா? என்ன வெசமோ! எம்பிள்ள ஆத்துத் தண்ணியில வளந்தவளாச்சே!”

கொண்டுவந்தவர் எதிரே நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. அப்பா படியிறங்கி வெளியே போனார். திரும்பி வரும்போது, பேருந்து கோவில்பட்டியைத் தாண்டிய பிறகுதான் என்னிடம் கேட்டார்.

“நான் கொண்டாந்ததாலதானா மக்கா?”

“இல்லப்பா. கடல்விசிறியில ஒண்ணுமில்ல. நாங்க ஊத்துன பென்சீன்தான். டாக்டரே சொன்னாரு.”

“அது எங்கருந்து வருது?”

“நிலக்கரித் தார்ல இருந்து எடுக்குறது.”

“கடல்ல இருந்து இல்லியே?”

“இல்லப்பா.”

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் கடல்விசிறியைத் தொடவில்லை. வலையில் சிக்கி வந்தால்கூட குச்சியால் எடுத்துக் கடலில் எறிந்துவிடுவார்.

ஆய்வறைக்குத் திரும்பியதும் சார் முதலில் செய்தது சன்னல்களில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்ததுதான். நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். நான் உதவப் போகவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரமாக இருந்தது. “புஸ்தகத்துல போட்டிருக்குமே சார், நீங்க படிச்சதில்லையா?” என்று கேட்டுவிட்டேன். அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. “படிச்சிருக்கேன். விஷம்னு ஒரு வரி போட்டிருக்கும். எல்லாத்துக்கும்தான் ஒரு வரி போட்டிருக்கும்” என்றார். பென்சீன் பாட்டில்களை அவரே தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டகையில் பூட்டிவைத்தார்.

ஏற்றிய ரத்தம் அவளுக்குச் சில நாட்களுக்குத்தான் தாங்கும். கன்னம் கொஞ்சம் சிவக்கும், எழுந்து உட்காருவாள், பிறகு மறுபடி வெளுக்கும். நான் போகும்போதெல்லாம் வேலையைப் பற்றித்தான் கேட்பாள்.

“அந்தக் கடைசி வளையத்துல ஆக்சிஜன் எந்தப் பக்கம் போயி உக்காந்துது?”

“இன்னும் பாக்கலளா.”

“ஏன் பாக்கல? மேல் பக்கம் உக்காந்தா அம்புட்டும் போச்சு. மறுபடி மூணு படி பின்னால போவணும்.”

“நீ வந்து பாரு.”

“நான் எங்கன வர?” என்று சிரித்தாள். ஈறெல்லாம் கருத்திருந்தது. “மாப்பிள்ளை வீட்டுல வேண்டாம்னுட்டாவளாம். அம்மை எங்கிட்ட மறைக்கா. அண்ணன் பேசுனது என் காதுல விழுந்துட்டு. அவிய மேல என்ன தப்பு? நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லிருப்பேன்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். லேசாகத்தான் பிடித்தேன், இருந்தும் மறுமுறை போனபோது அந்த இடத்தில் என் விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன.

கார்த்திகையில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. எதிர்க்க அவள் உடம்பில் ஒன்றும் இல்லை. இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. கிராமத்துக்குக் கொண்டுவந்து ஆற்றங்கரையில் எரித்தார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை. நான் தெருமுனை வரை போய் நின்றேன். நான்தான் கூடப் படித்த பிள்ளை என்று யாரோ சொல்ல, அவளுடைய அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். என் கழுத்திலிருந்த சிலுவை அவள் கன்னத்தில் குத்தியிருக்க வேண்டும். அவள் விலகவில்லை.

மீதிப் படிகளை நான்தான் முடித்தேன். பென்சீனுக்குப் பதில் வேறு திரவங்களை வைத்து, சன்னல்கள் திறந்திருக்க, தூசி விழுந்து கெட்டால் மறுபடியும் செய்து, ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அவள் பயந்த அந்த ஆக்சிஜன் சரியான பக்கத்தில்தான் உட்கார்ந்தது. கடைசியில் ஒரு சோதனைக் குழாயின் அடியில் வெள்ளைப் படிகம் இறங்கியது. நாம் செய்த பொருளும் கடல்விசிறியின் பொருளும் ஒன்றா என்று பார்க்க எளிதான வழி ஒன்று உண்டு. இரண்டையும் கலந்து ஊசிபோல் மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து எண்ணெயில் வைத்துச் சூடாக்க வேண்டும். வேறு வேறு பொருள் என்றால் கலவை முன்னதாகவே கொழகொழத்து உருகும். ஒன்றே என்றால் தனித்தனியாக உருகும் அதே சூட்டில்தான் உருகும். சாரும் நானும் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். எண்ணெய் சூடேறியது. கடல்விசிறிப் படிகம் உருகும் அளவை வெப்பமானி தொட்டபோது படிகம் பளிச்சென்று கண்ணாடித் துளியானது. இரண்டும் ஒன்றுதான்.

“ஆயிட்டு” என்றேன்.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

வடக்கே அனுப்பினோம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் குறையவில்லை. அளவைக் கூட்டிப் பார்த்தார்கள். அப்போதும் குறையவில்லை. முதலில் அனுப்பிய தார் போன்ற சாற்றில் வேறு ஏதோ ஒன்று மிகச் சிறிய அளவில் இருந்திருக்கிறது. வேலை செய்தது அதுதான். நாங்கள் சுத்தம் செய்யச் செய்ய அதைக் கழுவிக் கொட்டிவிட்டு, ஒன்றுக்கும் உதவாத, அழகாகப் படிகமாகிற பொருளைப் பிடித்து வைத்திருக்கிறோம். சார் இதை எனக்கு நிதானமாக, வகுப்பில் விளக்குவதுபோல விளக்கினார். விளக்கி முடித்ததும், “மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டார். நான் முடியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அடுத்த மாதம் உரத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது.

கல்லூரியை விட்டு விலகும் வாரத்தில் அவளுடைய அப்பா என்னைத் தேடி வந்தார். வேறு ஏதோ காரியமாகத் தூத்துக்குடிக்கு வந்தவர், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஆய்வறை வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“அந்த மருந்து ஆயிட்டாம்மா?” என்று கேட்டார்.

“செஞ்சாச்சு மாமா. அவ போட்டு வச்ச வழியிலதான் செஞ்சேன்.”

“அப்போ கடைக்கு வந்துருமா?”

வேறு எதையாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் அதை நம்பியிருப்பார். என்னால் முடியவில்லை.

“வராது மாமா. எலிக்குக் குடுத்துப் பாத்தாவ. வேலை செய்யல.”

“கொஞ்சம்கூடவா?”

“கொஞ்சம்கூட இல்ல.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவ அம்மை தெனமும் கேக்கா. எம்பிள்ள செஞ்ச மருந்து எப்ப வரும், எப்ப வரும்னு. நான்தான் வரும் வரும்னு சொல்லி வச்சிருக்கேன்” என்றார்.

“நான் வந்து அத்தைகிட்ட சொல்லட்டா?”

“வேண்டாம். நானே சொல்லுதேன்.” கொஞ்சம் கழித்து, “பாக்கலாமா அதை?” என்றார்.

சோதனைக் குழாயை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். சாய்த்தார். படிகங்கள் சரிந்து மறுபக்கம் போயின.

“இம்புட்டுதானா?”

“இம்புட்டுதான் மாமா.”

திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். பேருந்து நிலையம் வரை கூட நடந்தேன். வழியில் நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். அப்பாவின் உடம்பைப் பற்றி விசாரித்தார். ரத்தம் கொடுத்த மற்ற இருவரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். ஸ்ரீவைகுண்டம் பேருந்து புறப்பட நின்றது. ஏறி உட்கார்ந்தவர் சன்னல் வழியாகக் குனிந்தார்.

“நீ இனிமே அந்த வேலைக்குப் போவாத, என்ன?”

“போக மாட்டேன் மாமா.”

“போவாத” என்றார் மறுபடியும். பேருந்து கிளம்பியது.